பெட்டிகளோடு கொழும்பில் ஒரு கிழமை

திங்கள், செப்டெம்பர் 2, கொட்டாஞ்சேனை

யாழ்ப்பாணத்தில் இரவு பஸ் ஏறினால் விடிய வெள்ளவத்தையில் இறக்கி விடுவார்கள். அதில் எழுத ஒன்றுமில்லை, ஏசிக் குளிருக்குப் போர்வை கொண்டுபோகாதவர் பாடு அவர் பாடு. மாமி வீட்டில் குளித்து, இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டு ஏழரைக்குள் கொட்டாஞ்சேனையில் நிற்க வேண்டும் என்பதுதான் பெரிய கதை. காலி வீதியின் காலை நெரிசல் தெரிந்தவர்கள் இப்போதே சிரித்திருப்பீர்கள். மணி அடித்து முடிந்த பிறகுதான் வேன் பாடசாலை வாசலுக்கு வந்தது.

புதிதாக வாசிக்கிறவர்களுக்கு: ஒரு வேன், ஆறு தகரப் பெட்டி, நாலு பேர். தமிழ் மொழிமூலப் பாடசாலைகளுக்குப் போய், தரம் 6 முதல் 9 வரையான பிள்ளைகளோடு ஒரு நாள் முழுக்கப் பரிசோதனை செய்கிறோம். செய்து காட்டுவதில்லை. பிள்ளையின் கைதான் கம்பியைத் தொட வேண்டும், எங்கள் கை சட்டைப்பைக்குள் இருக்க வேண்டும் என்பது குழுவில் இருக்கிற ஓய்வுபெற்ற விஞ்ஞான ரீச்சரின் சட்டம். மற்றவர்கள், பட்டம் முடித்துவிட்டு வேலை தேடும் கணிதக்காரத் தம்பி, பாணந்துறையைச் சேர்ந்த சாரதி (தமிழில் எல்லோரையும் 'நீங்க' என்பார், வேனையும்), பிறகு நான்.

இன்றைய பாடசாலையில் ஆய்வுகூடம் இருக்கிறது. நல்ல ஆய்வுகூடம்தான். கண்ணாடி அலுமாரிக்குள் முகவைகளும் சோதனைக்குழாய்களும் வரிசையாக, ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்ற்றில் இலக்கம். அலுமாரிக்குப் பூட்டு, திறப்பு அலுவலகத்தில். ஒன்று உடைந்தால் கணக்குக் காட்ட வேண்டியவர் அந்த விஞ்ஞான மிஸ், அதனால் அவரைக் குறை சொல்லமாட்டேன், நானாக இருந்தாலும் பூட்டித்தான் வைப்பேன். ஆனால் தரம் 7 பிள்ளை ஒருத்தி கர்ப்பக்கிரகத்தைக் காட்டுகிற மாதிரி அந்த அலுமாரியைக் காட்டி, "அது ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) அக்காமாருக்கு சேர்" என்றாள்.

மோட்டர் செய்தோம். பெரிய பற்றரி ஒன்று, இரண்டு ஊக்கு, ஊக்கைப் பற்றரியின் இரண்டு முனையிலும் இறுக்கிப் பிடிக்க இறப்பர் பட்டி, எனாமல் பூசிய செப்புக்கம்பியில் ஒரு சிறு சுருள், மேலே ஒரு வட்டக் காந்தம். காந்தமெல்லாம் பஞ்சிகாவத்தையில் பழைய ஸ்பீக்கரைக் கழற்றி எடுத்தவை. வாகன உதிரிப்பாகம் தேடி நாடெல்லாம் இருந்து ஆட்கள் வருகிற அந்தத் தெருவில், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு என்று சொன்னால் கடைக்காரர்கள் ஒரு பிடி ஆணியைச் சும்மாவே அள்ளிப் போடுவார்கள். கம்பி, மோட்டர் சுற்றுகிற கடையில் நிறுத்து வாங்கியது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சுருளின் ஒரு முனையில் எனாமலை முழுக்கச் சுரண்ட வேண்டும், மறுமுனையில் பாதிப் பக்கம் மட்டும். இரண்டையும் முழுக்கச் சுரண்டினால், அரைச் சுற்றுக்குப் பிறகு காந்தம் சுருளை எதிர்ப்பக்கம் தள்ளும், சுருள் கொஞ்சம் ஆடிவிட்டு நின்றுவிடும். பாதி எனாமல் மிச்சம் இருந்தால் அந்த அரைச் சுற்றில் மின்னோட்டம் இருக்காது, சுருள் தன் வேகத்திலேயே திரும்பி வந்துவிடும். அழகான விளக்கம். ரீச்சர் அதைச் சொல்லி முடிக்கவும் பின் மேசையில் இருந்து ஒருவன், "மிஸ், நாங்க ரெண்டு பக்கமும் முழுசாத்தான் சொரண்டினோம், எங்கட நல்லாத்தானே சுத்துது?" என்றான்.

போய்ப் பார்த்தால் சுற்றுகிறது! எங்கள் மாதிரிச் சுருளைவிட வேகமாக. வகுப்பு முழுக்க அந்த மேசையைச் சூழ்ந்துவிட்டது. கணிதக்காரத் தம்பி தன் போனில் மெதுவோட்டப் படம் எடுத்துக் காட்டினான். அவர்களின் சுருள் கோணல்மாணலாக இருந்ததால் ஒவ்வொரு சுற்றிலும் ஊக்கின் துவாரத்தில் துள்ளுகிறது, துள்ளும்போது தொடுகை விட்டுப் போகிறது, எனாமல் செய்ய வேண்டிய வேலையைத் துள்ளலே செய்துவிடுகிறது. இதைக் கண்டுபிடித்தது நாங்கள் இல்லை, படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளை. அதற்குப் பிறகு எல்லா மேசையிலும் சுருளைக் கோணலாக்குகிற போட்டி. ஒழுங்காகச் செய்து வைத்திருந்தவர்கள் எல்லாம் பிரித்துக் கெடுத்தார்கள், இடைவேளை மணி யாருக்கும் கேட்கவில்லை.

செவ்வாய், செப்டெம்பர் 3, மட்டக்குளி

களனி ஆறு கடலில் விழுகிற இடத்துக்குப் பக்கத்துப் பாடசாலை. ஆளுக்கு ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி முன்கூட்டியே மிஸ்ஸிடம் சொல்லி வைத்திருந்தோம். குழாய்த் தண்ணீர், காக்கைதீவுக் கடற்கரைத் தண்ணீர், ஆற்றுத் தண்ணீர், ஒரு பிள்ளை செவ்விளநீர்கூடக் கொண்டுவந்திருந்தாள் (அதைச் சாரதி பரிசோதனைக்கு முன்னரே முடித்துவிட்டார்).

மை முடிந்த பேனைக் கூட்டை எடுத்து, அடியை மெழுகால் அடைத்து, உள்ளே சின்ன ஆணிகள் போட்டால் நீரில் நிமிர்ந்து மிதக்கும். நல்ல தண்ணீரில் எதுவரை அமிழ்கிறதோ அங்கே ஒரு கோடு. கடல் நீரில் ஒரு லீற்றருக்கு 35 கிராம் அளவில் உப்பு, அதன் அடர்த்தி நல்ல தண்ணீரைவிட இரண்டரை வீதம் அதிகம், அதனால் பேனை இரண்டு மூன்று மில்லிமீற்றர் மேலே எழும்பி நிற்கும். அவ்வளவுதான் வித்தியாசம். கண்ணை நீர் மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

ஆற்றுமுகத் தண்ணீரில்தான் சண்டை வந்தது. ஒரே இடத்தில் எடுத்த இரண்டு போத்தல், ஒன்று நல்ல தண்ணீர் என்கிறது, மற்றது உப்பு என்கிறது. யாரோ கலந்துவிட்டார்கள் என்று ஒரு கூட்டம். மீன்பிடிக்கிற வீட்டுப் பையன் ஒருவன் அலட்டிக்கொள்ளாமல், "மேல ஆத்துத் தண்ணி, அடியில கடல் தண்ணி. ஒண்ணு மேல மொண்டது, ஒண்ணு அப்பா அடியில எறக்கி எடுத்தது" என்றான். போத்தலில் கல்லைக் கட்டி, வாய்க்குத் தக்கை அடித்து, தக்கையில் இன்னொரு நூல் கட்டி, அடிக்குப் போனதும் நூலைச் சுண்டியிருக்கிறார்கள். கடலாராய்ச்சிக் கப்பலில் ஆழத்துத் தண்ணீர் எடுப்பதும் இதே தந்திரத்தில்தான், ஆழத்துக்குப் போகும்வரை வாய் வேறு நிலை, போன பிறகு வேறு நிலை. பாரமான உப்புத் தண்ணீர் ஆற்றுக்கு அடியால் ஆப்பு மாதிரி உள்ளே நுழைகிறது என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பாடப்புத்தகத்தில் அடர்த்தி என்ற பாட அலகைப் படித்தபோது அதுதான் இது என்று அவனுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

கொழும்பு குடிக்கிற தண்ணீரில் பெரும்பகுதி இதே ஆற்றில் மேலே அம்பத்தலையில் எடுக்கப்படுகிறது, வரட்சியில் ஆறு இளைத்தால் அந்த உப்பு ஆப்பு அவ்வளவு தூரம் ஏறும், அதைத் தடுக்கத்தான் அங்கே குறுக்கே தடுப்பு கட்டினார்கள் என்று ரீச்சர் சொன்னபோது வகுப்பு கொஞ்சம் அமைதியானது.

பின்னேரம் காலிமுகத்திடலில் இறால் வடை. விலையைப் பற்றிப் பேச விரும்பவில்லை.

புதன், செப்டெம்பர் 4, மருதானை

இந்தப் பயணத்தின் திகதியையே இன்றைய நாளுக்காகத்தான் வைத்தோம்.

வருடத்தில் இரண்டு தடவை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் வரும், ஏப்ரலில் ஒன்று, ஆகஸ்ட் கடைசியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் ஒன்று. இப்போது அது வடக்கில் இருந்து தெற்கே இறங்குகிற நேரம். யாழ்ப்பாணத்தைப் போன கிழமை கடந்துவிட்டது. கொழும்பின் அகலக்கோடு 6.9 பாகை, இங்கே இன்று. மத்தியானம் 12.10 அளவில் நேராக நட்ட தடிக்கு நிழல் இருக்காது. ஏன் சரியாகப் பன்னிரண்டுக்கு இல்லை என்று ஒரு பிள்ளை கேட்டாள். எங்கள் மணிக்கூடு 82.5 பாகை நெடுங்கோட்டுக்கு வைத்த மணிக்கூடு, கொழும்பு அதற்கு மேற்கே கிட்டத்தட்ட 80இல் இருக்கிறது, ஒரு பாகைக்கு நாலு நிமிடம், பெருக்கிப் பார் என்று தம்பி சொன்னான். பெருக்கினாள்.

திட்டம் பழையது. 2200 வருடத்துக்கு மேல் ஆகிறது. எகிப்தின் சியீன் ஊரில் சூரியன் உச்சியில் நிற்கிற நாளில் வடக்கே அலெக்சாந்திரியாவில் நிழல் விழுகிறது, அந்தக் கோணம் வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு, ஆகவே இரண்டு ஊருக்கும் இடைப்பட்ட தூரத்தை ஐம்பதால் பெருக்கினால் பூமியின் சுற்றளவு என்று எரடோஸ்தனிஸ் கணக்குப் போட்டார். எங்களுக்குச் சியீன் மருதானை, அலெக்சாந்திரியா யாழ்ப்பாணம். கொழும்புக்கு யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட நேர் வடக்கே இருப்பது எங்கள் அதிர்ஷ்டம். அங்கே என் சிநேகிதன் ஒருவன் படிப்பிக்கிறான், அவனுடைய தரம் 8 முற்றத்தில், எங்களுடைய தரம் 8 இங்கே முற்றத்தில், இரண்டு பக்கமும் சரியாக ஒரு மீற்றர் தும்புத்தடி, நேராக நிற்கிறதா என்று பார்க்க நூலில் நட்டு கட்டிய தூக்கு, நடுவில் வாட்ஸ்அப்.

பதினொன்றரைக்கு முகில். பதினொன்றே முக்காலுக்கும் முகில். கணிதக்காரத் தம்பி நகத்தைக் கடிக்கத் தொடங்கிவிட்டான். பன்னிரண்டு தாண்டி வெயில் பிளந்துகொண்டு வந்தது, பிள்ளைகள் கூச்சலிட்டார்கள், அதிபர் எட்டிப் பார்த்தார். தடியின் நிழல் சுருங்கிச் சுருங்கி அடியில் ஒரு மங்கல் வளையமாகப் போய்விட்டது. ஆளாளுக்குத் தங்கள் காலடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி கூரைகளுக்கு மேலே தெரிந்த தாமரைக் கோபுரத்தைக் காட்டி, "அப்ப அதுக்கும் நிழல் இல்லையா?" என்றாள். 350 மீற்றர் கோபுரத்துக்கு! தலை அகலம், தண்டு ஒடுக்கம், அப்படியானால் தலையின் நிழல் தண்டைச் சுற்றி விழும் என்று இன்னொருத்தி. இல்லை, கீழே கட்டடம் இருக்கிறது, நிழல் கூரையில்தான் விழும் என்று மூன்றாமவள். ரீச்சர் என்னைப் பார்த்துச் சட்டைப்பையைக் காட்டினார், நான் வாயைத் திறக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் இருந்து பதில் வந்தது: ஒரு கூட்டம் நாலரை சென்ரிமீற்றர் என்கிறது, ஒரு கூட்டம் ஐந்து என்கிறது. அடிபடாத குறை, சத்தம் போனில் கேட்கிறது.

கோணமானி, திரிகோண கணிதம் எதுவும் தேவையில்லை. ஒரு மீற்றர் தடியை ஆரையாக வைத்து ஒரு வட்டம் நினைத்தால் அதன் சுற்றளவு 628 சென்ரிமீற்றர். நிழல் 5 என்றால் அது 125.6இல் ஒரு பங்கு. இனித் தூரம். "யாழ்ப்பாணம் 400 கிலோமீற்றர் சேர், நாங்க பஸ்ல போயிருக்கோம்" என்று ஒரு பையன் அடித்துச் சொன்னான். பஸ் வளைந்து வளைந்துதான் போகிறது, வரைபடத்தில் அடிமட்டத்தை வைத்துப் பார் என்றதும் வைத்தார்கள், நேராக 300. பெருக்கினால் 37,680 கிலோமீற்றர். நாலரைக் கட்சி விடவில்லை, தங்கள் கணக்கைப் போடச் சொன்னது: 41,867. உண்மையில் 40,000க்கு மிகக் கிட்ட. அரைச் சென்ரிமீற்றர் சண்டையில் பூமி நாலாயிரம் கிலோமீற்றர் வீங்கி இளைக்கிறது.

அந்த பஸ் பையன்தான், "நடுவுல எடுப்போம், நாலே முக்கால்" என்றான். தம்பிக்குப் பிடிக்கவில்லை, அளவீட்டில் பஞ்சாயத்து கூடாது என்றான். ஆனால் யோசித்துப் பாருங்கள். சூரியன் புள்ளி இல்லை, அகலம் அரைப் பாகை, அதனால் ஒரு மீற்றர் உயரத்துத் தடி நுனியின் நிழல் கூர்மையாக முடியாது, ஒன்பது மில்லிமீற்றர் அளவுக்கு மங்கிக் கரையும். ஒரு கூட்டம் கருமை முடிகிற இடத்தை அளந்திருக்கிறது, மற்றது மங்கல் முடிகிற பக்கமாக அளந்திருக்கிறது. சூரியனின் நடுப்பகுதிக்கு உரிய நிழல் அந்த மங்கலின் நடுவில்தான். பையன் பஞ்சாயத்துப் பண்ணவில்லை, சரியான இடத்தைச் சொல்லியிருக்கிறான். 4.75க்குக் கணக்குப் போட்டால் 39,663. கரும்பலகையில் அந்த இலக்கத்தை எழுதியபோது தம்பியே கைதட்டினான்.

வியாழன், செப்டெம்பர் 5, கிராண்ட்பாஸ்

மழை. மண்டபத்துக் கூரைத் தகடு அடித்த சத்தத்தில் பேச முடியவில்லை, ஆகவே பேச்சே தேவைப்படாத ஒன்றைச் செய்தோம். செவ்வரத்தம் பூவைச் சுடுதண்ணீரில் போட்டால் வருகிற சாயத்தில் தேசிக்காய்ப் புளி விட்டால் சிவப்பு, சவர்க்காரத் தண்ணீர் விட்டால் பச்சை. வினாகிரி, அப்பச்சோடா, சுண்ணாம்பு, பல்பசை, சோடா என்று கையில் கிடைத்ததையெல்லாம் விட்டுப் பார்த்தார்கள், வெள்ளைச் சட்டைகள் பாழ். அம்மாமார் மன்னிக்கவும்.

திரும்பும்போது வேன் நெரிசலில் நின்றுவிட்டது, கழிவுநீர் வீதிக்கு ஏறியிருந்தது. உள்ளே எங்களுக்குள் ஒரு விவாதம், அதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். எனக்கு இந்த வேன் மீது ஒரு மனத்தாங்கல் இருக்கிறது. வேன் வருகிறது, பெட்டி இறங்குகிறது, பிள்ளைகள் குதிக்கிறார்கள், பெட்டி ஏறுகிறது, வேன் போய்விடுகிறது. அடுத்த நாள் அந்த வகுப்பில் என்ன இருக்கிறது?

ரீச்சர் ஹொஷங்காபாத் கதையைச் சொன்னார். மத்தியப் பிரதேசத்தில் 1972இல் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய விஞ்ஞானத் திட்டம் அது, பிறகு மாவட்டம் முழுக்கப் பரவியது. அங்கே சாமான் பெட்டி பள்ளியிலேயே இருந்தது, பயிற்சி அந்தப் பள்ளி ஆசிரியருக்கே, பரீட்சைக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், செய்முறையும் உண்டு. சவாலிராம் என்ற கற்பனை ஆளுக்குப் பிள்ளைகள் கடிதத்தில் கேள்வி எழுதிப் போட, பதில் வரும். 1978இல் அங்கே போன அர்விந்த் குப்தா என்ற பொறியியலாளர் சந்தையில் கிடைத்த சைக்கிள் வால்வ் ரியூப்பையும் தீக்குச்சியையும் வைத்து முக்கோணம், கனவுரு, கூடாரம் என்று மூட்டுக் கட்டிக் காட்டினார். 2002இல் அரசு திட்டத்தை நிறுத்திவிட்டது. முப்பது வருடம் நின்று பிடித்ததற்கு வாகனம் காரணம் இல்லை என்பது ரீச்சரின் வாதம். தம்பியின் வாதம் வேறு, இங்கே ஒரு மிஸ்ஸுக்கு எத்தனை வகுப்பு, எத்தனை பதிவேடு, அவர் தலையில் இன்னொரு பெட்டியை வைக்கவா என்கிறான். அதுவும் நியாயம்தான். சாரதி கண்ணாடியில் எங்களைப் பார்த்து, "வேன் வேணாம்னா நான் நீங்க எல்லாரையும் இங்கயே இறக்கவா?" என்றார். வெளியில் முழங்கால் தண்ணீர்.

கடைசியில் ஓரளவு ஒத்துப்போனோம்: விட்டுப்போக முடியாத சாமானைப் பெட்டியில் ஏற்றுவதில்லை. நிலைமின்னை உண்டாக்குகிற வான் டி கிராப் இயந்திரம் ஒன்று வைத்திருக்கிறோம், தொட்டால் முடி நட்டுக்கொண்டு நிற்கும், எல்லோரும் படம் எடுப்பார்கள். அது இனி மாமி வீட்டு மாடிப்படியின் கீழ்.

வெள்ளி, செப்டெம்பர் 6, கொம்பனித்தெரு

பேரை வாவிக்குப் பக்கத்தில் பாடசாலை. நூலில் கட்டிய போத்தலைச் சாரதி இறக்கி எடுத்துத் தந்தார், பச்சை பிடித்த தண்ணீர், மணத்தைப் பற்றி எழுத வேண்டியதில்லை. பிள்ளைகளுக்குக் கையுறை போட்டோம்.

இன்று கடதாசி நுணுக்குக்காட்டி. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் குழு 2014இல் வெளியிட்ட போல்ட்ஸ்கோப், மடித்துச் செய்கிற அட்டை, நடுவில் ஒரு கண்ணாடி மணிதான் வில்லை, 140 மடங்கு பெருப்பிக்கும். டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லீவன்ஹூக் 1674இல் ஏரித் தண்ணீரில் உயிர்களைப் பார்த்ததும் ஒற்றை வில்லையால்தான். மடிக்கத் தெரியாமல் ஒரு மணித்தியாலம் போனது, அது பரவாயில்லை, மடித்த பிறகு யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை. பச்சைக் கூழாகத் தெரிந்தவை நீலப்பச்சை அல்காவின் (பாசியின்) கூட்டங்கள், இடையில் ஏதோ ஒன்று விறுவிறென்று குறுக்கே ஓடியது, "ஓடுது, ஓடுது" என்று ஒரு பக்கம், "நீ ஆட்டுற" என்று மறுபக்கம்.

அட்டைகளை மிஸ்ஸிடமே விட்டோம். பொருட்பதிவில் ஏற்ற வேண்டுமா என்று கேட்டார். "ஏத்தினா பூட்டணும், வேண்டாம்" என்றார் ரீச்சர்.

கடைசியில் கேள்விப் பெட்டி வைத்தோம், சவாலிராம் மாதிரி. நிறைய வந்தது: பேய் உண்டா (இரண்டு), கொரோனா திரும்ப வருமா, கறுப்பு ஏன் சூடாகிறது. ஒரு துண்டில், "வாவியில் மீன் ஏன் செத்து மிதக்குது, விஷமா?" என்று இருந்தது. விஷமாகவும் இருக்கலாம், ஆனால் கொஞ்ச நேரத்துக்கு முன்னர் அவர்கள் பார்த்த அல்காவும் காரணமாகலாம். பகலில் அது வெளிச்சத்தில் ஒட்சிசன் விடும், இரவில் அதுவும் சுவாசிக்கும், செத்து அழுகுகிற அல்காவும் ஒட்சிசனைத் தின்னும், ஆகவே விடிவதற்கு முன்னர்தான் தண்ணீரில் ஒட்சிசன் மிகக் குறைவு. இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு பையன் எழும்பி, வாப்பாவோடு விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு வாவிப் பக்கமாக வரும்போது மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் கண்டிருப்பதாகவும், பள்ளிக்கூடம் விட்டுப் போகும்போது ஒன்றையும் காண்பதில்லை என்றும் சொன்னான்.

உடனே நேரம் குறித்தார்கள். நாளைக் காலை ஐந்தரைக்கு ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, பெரியவர் ஒருவரோடு, கரையில் நின்று, ஐந்து நிமிடத்தில் எத்தனை மீன் மேலே வருகிறது என்று எண்ணுவது. தண்ணீரைத் தொடக்கூடாது. மேகமூட்டமான நாளுக்கு அடுத்த காலையில் எண்ணிக்கை கூடுமா என்று ஒருத்தி கேட்டு, ஞாயிறையும் சேர்க்க வைத்தாள். எனக்கு இரவு பஸ், வெள்ளவத்தையில் எட்டரைக்கு. மிஸ் எண்ணிக்கையை அனுப்புகிறேன் என்றிருக்கிறார், வந்ததும் இங்கே போடுகிறேன்.